ஆதாயமில்லாதவர் சொல்

ராஜமுந்திரியின் இரத்னம் பேனாவைப் பற்றிப் பேசுகிற எவரும் 1935இல் காந்தி எழுதிய ஒரு கடிதத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. வெளிநாட்டுப் பேனாவுக்கு ஈடாக இங்கேயே ஒன்று செய்து காட்ட வேண்டும் என்று முனைந்தவர் கே. வி. இரத்னம். அவர் செய்த பேனா காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா வழியாக காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. காந்தி அதை வைத்து எழுதிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, வெளிநாட்டுப் பேனாவின் இடத்தை இது பிடிக்கலாம் என்ற பொருளில் பதில் எழுதினார். சில வரிகள்தான். அந்தப் பேனாவுக்கு நாடு முழுக்கக் கிடைத்த பெயரில் அந்த வரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

எழுதியவர் பெரிய மனிதர் என்பதால் மட்டும் அந்த வரிகள் செல்லுபடியாகவில்லை. பேனா விற்றால் காந்திக்கு ஒரு காசு வரப்போவதில்லை. தினமும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர் என்பதால் பேனாவின் குணம் அவருக்கு அத்துப்படி. மட்டமாக எழுதியிருந்தால் அதையும் தயங்காமல் சொல்லியிருப்பார் என்று கடிதத்தைப் படித்த எல்லோருக்கும் தெரியும். ஒரு பொருளைப் பற்றிய சொல்லுக்கு மதிப்பு வருவது இப்படித்தான். இணையத்தில் கூடிப் பேசுகிற குழுமங்களில் வாடிக்கையாளர்களைத் தேடி நுழைகிற ஒவ்வொரு வணிகரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த மதிப்பைத் தேடித்தான் வருகிறார்.

பேனாவை வைத்தே இதைப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. விளம்பரத்துக்கு வழியில்லாத ஒரு கைத்தொழில், முன்பின் அறியாத மனிதர்களின் பேச்சால் மட்டுமே பிழைத்து நிற்க முடியும் என்பதை நான் தெளிவாகக் கண்டது அங்கேதான்.

திருவள்ளூரில் ரங்கா பேனா என்று ஒரு குடும்பப் பட்டறை இருக்கிறது. எபோனைட் தண்டுகளைக் கடைசலில் பூட்டிக் கையாலேயே கடைந்து பேனா செய்கிறார்கள். எபோனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து, நெடுநேரம் சூடேற்றிக் கெட்டிப்படுத்திய பொருள். உளி படும்போது கந்தக வாடை எழும்பும். சுருள் சுருளாகத் தூள் உதிரும். மூடியும் உடலும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும் மரையைக் கை நிதானத்தில் வெட்ட வேண்டும். ஒரு சுற்று பிசகினால் மூடி ஆடும், அல்லது இறுகும். முடித்த பேனாவைக் கையில் வாங்கினால் பிளாஸ்டிக்கின் வழவழப்பு இருக்காது. விரலுக்கு லேசான பிடிமானம் கிடைக்கும்; சிறிது நேரத்தில் கையின் சூடும் அதில் ஏறிவிடும். பல நாள் வெயில் பட்டால் கறுப்பு மெல்லப் பழுப்பேறும். உள்ளே மைக்குத் தனிக் குழாய் கிடையாது. ஃபில்லரால் பேனாவின் வயிற்றிலேயே மையை ஊற்றி, கழுத்தைத் திருகி மூடிவிட வேண்டியதுதான். நம்மில் ஒரு தலைமுறை பள்ளிக்கூடத்தில் எழுதியது இந்த வகைப் பேனாவில்தான்.

அந்தத் தலைமுறையோடு பேனாவும் போயிருக்க வேண்டும். பால்பாயிண்ட் வந்தது, பிறகு ஜெல் பேனா வந்தது. பரீட்சைக்கு மைப்பேனாதான் என்று பிடிவாதம் பிடித்த ஆசிரியர்கள் ஓய்வு பெற்றார்கள். சென்னைப் பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ போன்ற பழைய கடைகள் தாக்குப்பிடித்தன என்றாலும், ஒரு பேனாவுக்கு அரை நாளோ ஒரு நாளோ உழைக்கிற கைக்கு உரிய விலையை உள்ளூர்ச் சந்தை தரவில்லை. பத்து ரூபாய்க்குப் பேனா கிடைக்கிற ஊரில் கையால் கடைந்த பேனாவை யார் வாங்குவார்?

வாங்குகிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். ஃபவுண்டன் பென் நெட்வொர்க் போன்ற குழுமங்களில் அவர்கள் ஏற்கெனவே கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பேச்சின் தன்மையைச் சொல்ல வேண்டும். ஒரு புதுப் பேனா கைக்கு வந்தால் அதைப் பல கோணங்களில் படம் எடுப்பார்கள். எடை, நீளம், மூடியைப் பின்னால் செருகினால் எவ்வளவு கனக்கிறது என்றெல்லாம் அளந்து போடுவார்கள். ஒரே தாளில் ஒரே வாசகத்தைப் பத்து மைகளில் எழுதி ஒளிவருடிப் போடுவார்கள். நிப் கீறுகிறதா, முதல் கோட்டில் மை வர மறுக்கிறதா, ஒரு வாரம் மூடி வைத்தால் காய்ந்துபோகிறதா என்று பக்கக் கணக்கில் பேச்சு நீளும். வெளியாளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் யாரும் கூலி கொடுக்காமல், சொல்லப்போனால் தன் பணத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் செலவழித்து, அடுத்தவர் ஏமாறக் கூடாது என்பதற்காகச் செய்யப்படும் உழைப்பு இது. ஒரு கடையையோ பேனாவையோ பாராட்டி எழுதினால் கடைசியில் ஒரு வரி சேர்க்கும் வழக்கமும் அங்கே உண்டு: எனக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, நான் காசு கொடுத்து வாங்கியவன் மட்டுமே. இணையத்தின் தொடக்க கால விவாதக் களமான யூஸ்நெட்டின் காலத்திலிருந்தே இப்படி எழுதும் பழக்கம் உண்டு. அது தேய்ந்து நான்கெழுத்துச் சுருக்கமாகவே ஆகிவிட்டது. எந்தச் சட்டமும் கேட்காத ஒரு சத்தியம் அது. அதைச் சொல்லாமல் பாராட்டினால் நாக்கில் ஏதோ உறுத்துகிறது என்று நினைத்த மனிதர்கள் கட்டிய இடம் அது என்பதே எனக்கு அதன் மீதுள்ள மரியாதைக்குக் காரணம்.

அந்த இடத்துக்குத் திருவள்ளூர்ப் பேனாக்கள் வந்து சேர்ந்தது கூட்டுக்கொள்முதல் வழியாக. உறுப்பினர் ஒருவர் முன்கை எடுப்பார். எந்த மாதிரி, எந்த நிறம், எந்த நிப் என்று பட்டியல் போடுவார். இத்தனை பேர் சேர்ந்தால் இந்த விலை என்று பட்டறையோடு பேசி முடிப்பார். ஆர்வமுள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் கொடுப்பார்கள். பட்டறைக்காரர் தன் பெயரிலேயே வந்து பதில் சொல்வார். பணம் போகும், மாதக்கணக்கில் காத்திருப்பு, பிறகு இந்திய அஞ்சல் முத்திரையோடு பொட்டலங்கள் போய்ச் சேரும். அதன் பிறகுதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும். கிளிப் ஆடுகிறது என்பார் ஒருவர். மை தீரும் தறுவாயில் கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒரு சொட்டு கக்குகிறது என்பார் இன்னொருவர். இத்தனையும் வாங்கியவர், வாங்கப் போகிறவர், வாங்கவே போகாதவர் எல்லோர் கண்முன்னும் நடக்கும். பட்டறைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதிலும் அழியாமல் கிடக்கும். அடுத்த சுற்றில் ஜெர்மன் நிப்பும், கன்வெர்ட்டர் என்ற மைக்குழாய் போட இடமும், மாற்றியமைத்த கழுத்தும் வரும். உள்ளூர்க் கடையில் முகம் சுளித்துவிட்டு வாங்காமல் போகிற வாடிக்கையாளர் ஏன் போனார் என்று கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. இங்கே அவர் நின்று, காரணத்தைப் படத்தோடு சொல்லிவிட்டுப் போகிறார்.

சந்தைப்படுத்தல் பற்றிய கையேடுகள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகின்றன என்று நினைக்கிறேன். குழுமத்தில் கிடைக்கும் முதல் லாபம் விற்பனை என்று அவை கருதுகின்றன. பொருள் தெரிந்தவர்களின் குறை கேட்கும் வாய்ப்பு அதைவிடப் பெரிது. அமெரிக்காவில் நூட்லர்ஸ் என்ற மை நிறுவனம், குழும உறுப்பினர்கள் கேட்ட நிறங்களை அவர்களுக்கென்றே கலந்து தந்தது. கலிலியோவின் கையெழுத்துப் பிரதிகளை நினைவுபடுத்தும் ஒரு பழுப்பு மை, குழுமத்தின் பெயரையே தாங்கி வெளிவந்தது. கூலே பென்ஸ் என்ற வர்ஜீனியாக் கடையைத் தொடங்கியவர் முதலில் மரத்தில் பேனா கடைந்துகொண்டிருந்தார். பேனாக்காரர்களின் பேச்சைக் கேட்கக் கேட்க, அவர்களுக்கு நல்ல தாளும் மையும் கிடைப்பதுதான் பாடாக இருக்கிறது என்று புரிந்துகொண்டு 2009இல் தொழிலையே மாற்றிக்கொண்டார். கேட்டதால்தான் இவர்களுக்குக் கடை அமைந்தது.

இதற்கு நேர் எதிரான வழியும் பழையதுதான். 1994 ஏப்ரல் 12 அன்று, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர வழக்கறிஞர் தம்பதியான லாரன்ஸ் கேன்டரும் மார்த்தா சீகலும் யூஸ்நெட்டில் 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டார்கள். கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு என்பது செய்தி. அந்தக் குலுக்கலுக்கு அப்போது யாரும் தாங்களே இலவசமாக விண்ணப்பித்திருக்கலாம். ஒரே செய்தியைப் பல குழுக்களுக்குப் பொதுவாக இணைத்துப் போடும் வசதி இருந்தது. அப்படிப் போட்டிருந்தால் ஒருமுறை பார்த்தவர் கண்ணில் மறுபடி படாது. அவர்கள் ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாகப் போடுகிற நிரல் ஒன்றை எழுத வைத்து ஏவினார்கள். வானியல் பேசுகிற இடத்திலும், செடி வளர்ப்பு பேசுகிற இடத்திலும், பூனை பேசுகிற இடத்திலும் அதே விளம்பரம் நின்றது. கோபக் கடிதங்கள் குவிந்து, அவர்களுக்கு இணைப்புத் தந்த நிறுவனத்தின் கணினிகளே படுத்துவிட்டன. தம்பதி வருத்தப்படவில்லை. இணையத்தில் பணம் பண்ணுவது எப்படி என்று அதே ஆண்டில் ஒரு புத்தகம் போட்டார்கள். 1997இல் டென்னசி மாநிலம் கேன்டரின் வழக்கறிஞர் உரிமத்தைப் பறித்தது. சொல்லப்பட்ட காரணங்களில் இந்த விளம்பரமும் ஒன்று.

யூஸ்நெட் வணிகத்துக்கு எதிரி என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. விற்க, வாங்க என்றே அங்கே தனிப் பிரிவுகள் இருந்தன. 1995இல் தன் ஏலத் தளத்தைத் தொடங்கிய பியர் ஓமிட்யார் அந்த அறிவிப்பை அத்தகைய பிரிவில்தான் போட்டார். யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுவே பின்னாளில் ஈபே ஆனது. அதன் அரட்டைப் பலகையில் புதியவர்களின் சந்தேகங்களுக்குச் சம்பளமில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஜிம் கிரிஃபித் என்ற பயனரையே 1996இல் நிறுவனம் தன் முதல் வாடிக்கையாளர் உதவியாளராக வேலைக்கு எடுத்துக்கொண்டது. கேன்டர், சீகல் மீது எழுந்த சினம் விற்றதற்காக எழவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்களை மனிதர்களாகவே பார்க்காமல், சுவரொட்டி ஒட்டுவதற்கான வெற்றுச் சுவராக நடத்தியதற்காக எழுந்தது.

ஆனாலும் அந்தத் தம்பதி தங்கள் பெயரைப் போட்டுத்தான் விளம்பரம் செய்தார்கள். திட்டுவதற்கு ஒரு முகவரி இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைவிடத் தீங்கான ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்க மளிகைக் கடைத்தொடரான ஹோல் ஃபுட்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜான் மேக்கி, 1999 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் யாஹூவின் பங்குச் சந்தை விவாதப் பலகையில் ரஹோடெப் என்ற புனைபெயரில் எழுதிவந்தார். மனைவியின் பெயரான டெபோராவின் எழுத்துகளை மாற்றி அடுக்கிய பெயர் அது. தன் நிறுவனத்தைப் புகழ்ந்தார், போட்டி நிறுவனமான வைல்ட் ஓட்ஸ் தேறாது என்றார், மேக்கியின் தலைமுடி அழகைக்கூட ஒருமுறை மெச்சினார். 2007இல் அதே வைல்ட் ஓட்ஸை வாங்க ஹோல் ஃபுட்ஸ் முனைந்தபோது, அதை எதிர்த்து அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கின் ஆவணங்களில் இது வெளிவந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் விசாரித்துவிட்டு நடவடிக்கை ஏதுமின்றிக் கைவிட்டது.

இந்தச் சம்பவத்தை நான் திரும்பத் திரும்ப யோசிப்பதற்குக் காரணம், மேக்கி பொய் சொன்னார் என்று எளிதில் தள்ளிவிட முடியாது என்பதுதான். தன் நிறுவனம் சிறந்தது என்று அவர் மனதார நம்பியிருக்கலாம். எழுதியவற்றில் பல சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் படித்தவர்கள் எடைபோட்டது வாக்கியத்தை மட்டும் இல்லையே. இதைச் சொல்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, ஒன்றும் இல்லை என்ற விடையை அவர்களே ஊகித்துக்கொண்டார்கள். அந்த ஊகத்தைத்தான் அவர் திருடினார். சொன்னது முழு உண்மையாக இருந்தாலும் அது திருட்டுதான்.

தனிமனிதர் ஒருவர் இரவில் செய்ததை நிறுவனங்கள் துறையாகவே வளர்த்தன. 2013 அக்டோபரில் தைவானின் நியாய வணிக ஆணையம் சாம்சங்குக்கு 1 கோடி தைவான் டாலர் அபராதம் விதித்தது. சாதாரணப் பயனர்கள் போல் விவாதக் களங்களில் எழுத ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, தன் கைப்பேசிகளைப் புகழ்ந்தும் எச்டிசி நிறுவனத்தின் கைப்பேசிகளை மட்டம்தட்டியும் எழுத வைத்தது என்பது குற்றம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அந்தத் தொகை ஒரு செலவே இல்லை.

இப்போது இதன் வேகம் கூடியிருக்கிறது. தேடுபொறி தரும் பக்கங்கள் முழுக்க விற்பனைக்கென்று எழுதப்பட்டவையாகிவிட்டதால், மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அறிய விரும்புவோர் தேடும் சொல்லோடு ரெடிட் என்ற விவாதத் தளத்தின் பெயரையும் சேர்த்துத் தேடப் பழகிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் கூகுள் ரெடிட்டின் உரையாடல்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 6 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களும் அந்த உரையாடல்களைப் படித்துத்தான் பேசுகின்றன. ஆகவே ஒரு குழுமத்தில் நடப்பட்ட ஒரு போலிப் பாராட்டு அந்தக் குழுமத்தோடு நிற்பதில்லை. அங்கிருந்து தேடலுக்கும், தேடலிலிருந்து மென்பொருளின் பதிலுக்கும் போய், ஊர் பேர் தெரியாத ஒருவரின் வாங்கும் முடிவாக முடிகிறது. நடுவதற்கும் நேர்த்தியான முறைகள் வந்துவிட்டன. ஒரு கணக்கு அப்பாவியாகக் கேள்வி கேட்கும், சில நாள் கழித்து வேறொரு கணக்கு வந்து தற்செயலாக ஒரு பெயரைச் சொல்லும். சந்தேகம் வராமலிருக்க அந்தக் கணக்குகள் அதற்கு முன்பு மாதக்கணக்கில் சமையலும் சினிமாவும் பேசியிருக்கும்.

சட்டம் இதைத் தொட முயல்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் இணைய மதிப்புரைகளுக்கு ஒரு தரநிலை கொண்டுவந்தது; பின்பற்றுவது அவரவர் விருப்பம். அமெரிக்காவில் போலி மதிப்புரைகளைத் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் அன்றாடக் காவல் வேலையைச் செய்வது சட்டமில்லை, ஊதியமில்லாத மட்டுறுத்துநர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின், நூற்றுக்கணக்கான பதிவுகளைப் படித்துப் போலியைப் பிரிக்கிறவர்கள் அவர்கள்தான். 2023 ஜூனில் ரெடிட் தன் கட்டண விதிகளை மாற்றியபோது அவர்களில் பலர் தங்கள் குழுக்களையே அடைத்துப் போராடினார்கள். ஆயிரக்கணக்கான குழுக்கள் இருண்டன. அந்த உழைப்பு எவ்வளவு பெரிது என்று வெளியுலகம் அப்போதுதான் சற்று உணர்ந்தது.

சலித்துப்போன காவல்காரர் குழுமத்தின் கதவையே பூட்டிவிடுகிறார். புதிதாகச் சேர்ந்தவர் இத்தனை நாள் பதிவிடக் கூடாது, இவ்வளவு புள்ளி சேரும்வரை இணைப்பு கொடுக்கக் கூடாது, சொந்தப் பொருளைப் பற்றி மூச்சே விடக் கூடாது என்று விதிகள் இறுகுகின்றன. கூலிக்குக் கணக்கு வளர்க்கும் நிறுவனத்தை இந்த விதிகள் தடுப்பதில்லை. அதற்குப் பொறுமையும் உண்டு, ஆளும் உண்டு, கணக்குகளும் உண்டு. தடுக்கப்படுவது, திருவள்ளூரிலோ வேறெங்கோ பட்டறையில் உட்கார்ந்து, நான்தான் இதைச் செய்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்று தன் பெயரிலேயே முதல் வரியை எழுதுகிறவர். அவருடைய பதிவை ஒரு தானியங்கி நிரல் நொடியில் நீக்கிவிடுகிறது. ஏன் நீக்கப்பட்டது என்றுகூட அவருக்குப் புரிவதில்லை. பெரிய நிறுவனத்துக்குத் தொலைக்காட்சி இருக்கிறது, நடுப்பக்க விளம்பரம் இருக்கிறது, நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். கைத்தொழில் செய்கிறவருக்கு இருந்த ஒரே கடைவீதி தெரியாதவர்களின் நல்ல சொல். முகமூடி போட்டவர்கள் அந்த வீதியைத்தான் அவருக்கு மூடிவிட்டார்கள். இந்த நஷ்டக் கணக்கை எந்த ஆணையமும் எழுதுவதில்லை.

தமிழிலும் இதே கட்டத்துக்கு வந்துவிட்டோம். மாடித்தோட்டம் போடுகிறவர்களின் முகநூல் குழுக்களில் நாட்டு விதைகளை அஞ்சல் உறையில் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கத்தரியில் மாவுப்பூச்சி என்று காலையில் படம் போட்டால், மதியத்துக்குள் வேப்பெண்ணெயை எந்த அளவில் கலக்க வேண்டும் என்று யாரோ ஒரு அக்கா எழுதியிருப்பார். அங்கேயும் மண்புழு உரம், விதைப் பொட்டலம், தேங்காய் நார்க்கட்டி விற்கிறவர்கள் வருகிறார்கள். வரத்தான் வேண்டும், தோட்டக்காரருக்கு அவை தேவை. ஒரு சிலர் நான் விற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். வேறு சிலர் பக்கத்து வீட்டுக்காரரின் குரலில் வந்து, இந்த உரம் போட்டேன், காய்த்துத் தள்ளுகிறது, எண் வேண்டுமானால் உள்பெட்டிக்கு வாருங்கள் என்கிறார்கள். குழு நடத்துகிறவர் இரண்டு பேரையும் ஒரே கோலால் விரட்டும் நாள் வெகு தூரத்தில் இல்லை.

அதற்கு முன்பே அவர்கள் ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. பல ஆங்கிலக் குழுக்களில் வாரத்தில் ஒரு நாள், விற்கிறவர்கள் தங்கள் பெயரோடு வந்து பொருளைக் காட்டத் தனி இழை ஒதுக்குகிறார்கள். வாங்கியவர்கள் அதே இழையில், அதே பதிவின் கீழ், நல்லதோ கெட்டதோ எழுதலாம். விற்றவர் அதை அழிக்க முடியாது. மண்புழு உரம் விற்கிற தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் தொட்டியைப் படம் எடுத்துப் போடட்டும். உரத்தில் சாணம் எவ்வளவு, இலைதழை எவ்வளவு, எத்தனை நாள் மக்க வைத்தார் என்று அந்த அக்கா கேட்கட்டும். அவர் பதில் சொல்லட்டும்.